டெத் வேலியில் ஒரு சிறு யந்திரம்

கலிபோர்னியாவின் கிழக்கெல்லையில் நெவாடாவைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் டெத் வேலி தேசியப் பூங்காவுக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் போய்வருவதென்று, சென்ற பிப்ரவரியில் நானும் நண்பர் ஒருவரும் லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து புறப்பட்டபோது, தண்ணீரும் ஆகாரமும் கம்பளியும் போக நாங்கள் விசேஷமாக எடுத்துச் சென்றது, 100 கிராம் எடையுள்ள 'கார்மின் இன்ரீச் மினி 2' என்ற கருவி ஒன்றுதான். 13,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விஸ்தீரணமுள்ள அந்தப் பூங்காவின் பெரும் பகுதியில் கைபேசி ஊமையாகிவிடும். இந்தக் கருவியோ கோபுரங்களை எதிர்பாராமல், பூமிக்கு மேலே ஏறக்குறைய 780 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் இரிடியம் செயற்கைக்கோள்கள் மூலமாகச் செய்தி அனுப்பவும் பெறவும் வல்லது.

எங்கள் வாடகைக் காரின் திரையிலிருந்த வழிகாட்டி, முதல் நாள் பிற்பகலிலேயே, தார்ச் சாலையை விட்டுச் சரளைக்கல் நிறைந்த ஒரு மண்பாதையில் திரும்பும்படி சொல்லிற்று. அப்படிப்பட்ட வழிகாட்டிகளை மட்டும் நம்பிச் செல்லாதீர்கள் என்று பூங்கா அதிகாரிகள் எச்சரித்திருப்பது நினைவுக்கு வரவே, காகித வரைபடத்தைப் பிரித்துப் பார்த்துப் பழைய சாலையிலேயே சென்றோம். 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவான ஃபர்னஸ் கிரீக் அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது என்பதை எண்ணினால், வழி தவறுவது அங்கே சாமானிய விஷயமன்று.

மறுநாள் காலையில் கோல்டன் கான்யனுக்குள் நடந்தபோதுதான் கருவியின் குணதோஷங்கள் பிரத்தியட்சமாயின. முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ளக்கூடிய மூன்று செய்திகளில் ஒன்றை, க்ஷேமமாக இருக்கிறோம் என்று வீட்டுக்குத் தெரிவிக்கும் செய்தியை, அனுப்பப் பணித்தேன். இருபுறமும் பொன்னிறச் சுவர்கள் நெருங்கி நின்று ஆகாயத்தை ஒரு நாடாவாகக் குறுக்கிவிட்டபடியால், செய்தி நெடுநேரம் போகாமல் நின்று, பாதை சற்று அகன்ற இடத்தை அடைந்த பிறகே, ஒரு சிறு ஒலியுடன் புறப்பட்டுச் சென்றது. இது யந்திரத்தின் குற்றமன்று. வானத்தைப் பார்த்தால்தான் அது பேசும். ஆயினும் அவசரத்தில் இருப்பவன் இதை முன்பே அறிந்திருக்க வேண்டும்.

கைபேசியோடு இணைத்துக்கொண்டால் எழுதுவது சுலபம். இணைக்காவிட்டால் பொத்தான்களை அழுத்தி அழுத்தி ஒவ்வோர் எழுத்தாகத் தேட வேண்டும், அது மிகுந்த பொறுமையைக் கோரும் காரியம். வந்த வழியே நம்மைத் திருப்பி அழைத்துச் செல்லும் வசதியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அபாய அறிவிப்புப் பொத்தானை, பக்கவாட்டில் ஒரு சிறு மூடிக்குள் வைத்திருக்கிறார்கள். கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் பேட்வாட்டரில், காலடியில் உப்புப் பொருக்கு நொறுங்க நின்றுகொண்டு, கட்டைவிரல் நகத்தால் அம்மூடியை நெம்பித் திறந்து பார்த்துப் பொத்தானைத் தொடாமல் மூடினேன். பையில் உரசித் தானாகத் திறந்துகொள்ளாது, நடுங்கும் விரலுக்கும் எட்டாமல் போகாது என்ற அளவில் அதை அமைத்திருப்பது உண்மையான விவேகம். அதை அழுத்தினால், இரவும் பகலும் விழித்திருக்கும் ஒரு மையத்துக்குச் செய்தி எட்டி, அங்கிருப்பவர்கள் அந்தப் பிரதேசத்து மீட்புக் குழுவுக்குத் தகவல் சொல்வார்கள். ஆனால் செய்தி போகும் வேகத்தில் மனிதர் வந்துவிட முடியாது. உதவி வருகிறவரை உயிரைக் காப்பது வண்டியின் நிழலும் அதிலிருக்கும் தண்ணீருமே. ஆகையால் இக்கருவி இருக்கிறதென்று ஒரு குடம் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறவர், அதை வாங்காமலிருப்பதே நல்லது.

மற்ற எல்லோருக்கும், முக்கியமாகக் குடும்பத்தோடு பாலைவனத்துக்குச் செல்கிறவர்களுக்கு, விலை அதிகமென்றாலும் இதை வாங்கலாம், அல்லது வைத்திருப்பவரிடம் இரவல் பெறலாம் என்று தயங்காமல் சொல்வேன். புறப்படுவதற்கு முதல் நாள், வீட்டுக்குப் பின்புறம் திறந்தவெளியில் நின்று ஒரு செய்தியாவது அனுப்பிப் பாருங்கள். சந்தா செலுத்தித் தொடங்கி வைக்காத கருவியில், அந்த அபாயப் பொத்தானும் வேலை செய்யாது.