பிள்ளைக் காம்பராவும் பிள்ளையும்: ஒரு விமர்சன நோக்கு

இலங்கையின் தாய் சேய் நலப் பணிகளைப் பற்றி எழுதப்படுவனவற்றிற் பெரும்பாலானவை பெருமிதத் தொனியிலேயே அமைந்துள்ளன. அப்பெருமிதம் ஆதாரமற்றதன்று. 1926 இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. அத்தகைய பிரிவுகளின் வழியாகவே, வீடு தேடிச் சென்று கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் கவனிக்கும் மருத்துவமாதின் சேவை நாட்டின் கிராமங்களிற் பரவிற்று. மலேரியாக் கொள்ளைநோய் பரவிய 1935 இல், உயிருடன் பிறந்த ஆயிரம் சிசுக்களுள் 263 ஓராண்டு நிறைவதற்கு முன்னரே இறந்தன. இன்று அத்தொகை பத்துக்கும் குறைவாகும். வருமானங் குறைந்த நாடொன்று இத்தகைய சாதனையைப் புரிந்தமை உலக அறிஞர் பலரின் கவனத்தை ஈர்த்ததில் வியப்பில்லை.

ஆயினும், நாடு தழுவிய சராசரி எதனைக் காட்டுகிறதோ அதே அளவிற்கு மறைக்கவும் வல்லது. 2006-07 இல் நடைபெற்ற குடித்தொகைச் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரம் பெறாதோர் நாடளாவிய நிலையில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர். பெருந்தோட்டத் துறையிலோ அது 40 ஆக இருந்தது. 2016 ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் சராசரி மாற்றமின்றி நிற்க, தோட்டத் துறையின் தொகை ஏறத்தாழ 32 ஆகக் குறைந்தது. முன்னேற்றம் உண்டு என்பது வெளிப்படை. எனினும் இடைவெளி ஏறக்குறைய இருமடங்காகவே நீடித்தது என்பதும் வெளிப்படையே.

இவ்விடத்து முரண்பாடொன்று மனங்கொள்ளத்தக்கது. ஏனைய பகுதிகளிற் கைக்குழந்தைகளைப் பகல் முழுவதும் பராமரிக்கும் பொது நிறுவனம் அரிது. தோட்டங்களிலோ அது நெடுங்காலமாக இருந்து வருகின்றது. தோட்டத்து மக்கள் ‘பிள்ளைக் காம்பரா’ என வழங்குவதும், இன்று ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ எனப் பெயர் மாற்றம் பெற்றிருப்பதும் அதுவே. குழந்தைக்கென ஒரு கூரையும் ஓர் ஊழியரும் ஒரு வேளை உணவும் எங்கு முதலில் ஏற்பட்டனவோ, அங்கேயே குழந்தையின் வளர்ச்சி மிகவும் பின்தங்கியிருப்பது ஏன்? பிள்ளைக் காம்பராவை மதிப்பிட முற்படும் எவரும் இவ்வினாவிலிருந்தே தொடங்கவேண்டும்.

விடை காண்பதற்கு அந்நிறுவனத்தின் தோற்றத்தை நோக்குதல் அவசியமாகும். கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருட் பெரும்பாலானோர் ஆண்கள். அறுவடைப் பருவத்திற்கு வந்து பின்னர் திரும்பிச் சென்றவர்கள். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பிச் செய்கையைப் படிப்படியாக அழித்தது. அதனிடத்தைப் பிடித்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் தேவைப்பட்டன. குடும்பங்கள் நிரந்தரமாக லயன்களிற் குடியமர்த்தப்பட்டன. கொழுந்து பறித்தல் பெண்களின் தொழிலாயிற்று. விடியற்காலைப் பிரட்டுக்குச் செல்லும் தாயின் இடுப்பிலே குழந்தை இருக்குமாயின் அவளது இரு கைகளும் செடிக்குக் கிடைக்கமாட்டா. ஆகவே, வேலைக்கு வரமுடியாத வயோதிப மாதொருத்தியின் பொறுப்பில் குழந்தைகளை ஒருங்கே விட்டுச்செல்லும் ஏற்பாடு உருவாயிற்று. கூரை மரத்திலே வரிசையாகக் கட்டப்பட்ட சேலைத் தொட்டில்களே அதன் முதன்மையான தளபாடம். சுருங்கக் கூறின், தாயின் உழைப்பை விடுவிக்கும் பொருட்டுப் பிறந்த நிறுவனம் அது. குழந்தையின் வளர்ச்சி அதன் மூலநோக்கமாக இருக்கவில்லை.

குடியேற்ற ஆட்சியின் சட்டங்களும் இத்தர்க்கத்திற்கு உட்பட்டனவே. 1872 முதலாக இயற்றப்பட்ட மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டங்கள் தோட்டத் தொழிலாளரின் உடல்நலத்தைத் தோட்ட உரிமையாளரின் பொறுப்போடு பிணைத்தன. அன்றைய சூழலில் அதனாற் சில நன்மைகள் விளைந்தன எனலாம். ஆனால் அதன் நீண்டகால விளைவு வேறாயிற்று. கிராமத்துக் குழந்தை அரசின் பொறுப்பாகவும், தோட்டத்துக் குழந்தை துரையின் பொறுப்பாகவும் பிரிந்தன. 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியபோது இப்பிரிவு மேலும் இறுகியது. 1973-74 காலத்து உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களிலே நிகழ்ந்த பட்டினிச் சாவுகள் அதன் கொடூரமான வெளிப்பாடாகும். பிரசாவுரிமைப் பிரச்சினை பின்னர் படிப்படியாகத் தீர்க்கப்பட்டதாயினும், 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்திலிருந்த 33 ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணிபுரிவதற்குத் தடையாக இருந்து வந்தது. அது திருத்தப்பட்டது 2018 இலேதான்.

எழுபதுகளில் தோட்டங்கள் தேசிய உடைமையாக்கப்பட்டன. 1992 இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் இடம்பெறும் நிதியம் சமூக நலப் பணிகளைப் பொறுப்பேற்றது. அதன் கீழ்ப் பிள்ளைக் காம்பராக்கள் பல புதிதாகக் கட்டப்பட்டன. எழுத்தறிவற்ற ஆயாவின் இடத்திற்குப் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்தார். பாட்டும் விளையாட்டும் படப்புத்தகமும் தொட்டில்களுக்கு அருகே இடம்பெற்றன. தடுப்பூசியும் நிறைப் பதிவும் ஒழுங்குபெற்றன. இம்மாற்றங்களைப் பெயர் மாற்றமெனப் புறந்தள்ளுதல் நேர்மையான விமர்சனம் ஆகாது.

எனினும், கட்டடம் மாறிய அளவிற்குக் காலக்கணக்கு மாறியதா என்பதே கேட்கப்படவேண்டிய கேள்வி. பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே ஊட்டப்படவேண்டும் எனச் சுகாதாரத் துறை அறிவுறுத்துகின்றது. அதே அரசின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டமோ தோட்டத் தாய்க்கு 84 நாள் விடுமுறையையே வழங்குகின்றது. பிரசவத்திற்கு முந்திய நாட்களும் இதனுள் அடங்கும். 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன்னர், மூன்றாவது பிள்ளை முதலாக இதிலும் பாதியே கிடைத்தது. ஆக, மூன்று மாதமும் நிரம்பாத சிசு தொட்டிலுக்கு வருகின்றது. பாலூட்டுவதற்குச் சட்டம் இடைவேளை அளிக்கின்றது. காப்பகம் உள்ள இடத்தில் நாளொன்றுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம். மலைச்சரிவிலுள்ள தேயிலை மலையிலிருந்து இறங்கி வந்து, பாலூட்டி, மீண்டும் ஏறிச் செல்வதற்கு அந்த அரை மணி நேரம் போதுமா என்பதைக் காகிதத்திலே கணிக்கமுடியாது. மேலும், சட்டம் மணித்தியாலத்தைக் கணக்கிடுகின்றது. தராசோ கொழுந்தின் நிறையைக் கணக்கிடுகின்றது. குறித்த நிறை பறிக்காதவளுக்கு அரைப்பேர் விழும் முறை நிலவும் வரையில், பாலூட்டச் செல்லும் தாய் தன் கூலியிலிருந்தே அந்நேரத்தை விலைகொடுத்து வாங்குகின்றாள். 1984 இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி நிலைநாட்டப்பட்டமை ஒரு வெற்றியே; ஆயினும் தாய்மையின் நேரம் இன்னும் கூலிக் கணக்கினுள் இடம்பெறவில்லை.

இந்நிலையிலே, நலத்திட்டங்கள் தாயை நோக்கிப் பேசும் மொழி ஆராயத்தக்கது. ‘அறிவூட்டல்’, ‘மனப்பாங்கு மாற்றம்’ என்பன அம்மொழியின் தாரக மந்திரங்கள். குழந்தையின் நிறை வரைபிலே கோடு கீழிறங்கினால், தாய்க்குப் போசாக்கு பற்றிய அறிவுரை வழங்கப்படுகின்றது. கீரையும் முட்டையும் பருப்பும் நல்லன என்பதை அறியாத தாய் எவருமிலர். அவற்றை வாங்கும் பணமும் சமைக்கும் பொழுதும் எங்கிருந்து வரும் என்பதே அவளது வினா. உயரக் குறைவு பிரதானமாகக் கருவுற்ற காலந்தொடங்கி இரண்டு வயது வரையிலேயே உண்டாகின்றது என்பது மருத்துவ உலகு ஏற்றுக்கொண்ட உண்மை. இரத்தச் சோகையுள்ள தாய் நிறைகுறைந்த மகவைப் பெறுகின்றாள். அம்மகவு வளர்ந்து அவ்வாறே தாயாகின்றாள். தலைமுறைச் சங்கிலி ஒன்றை அறிவுரையால் மட்டும் அறுத்துவிட முடியாது.

1973 இல் ஆரம்பிக்கப்பட்ட திரிபோஷாத் திட்டமும் இத்தகைய எல்லைக்கு உட்பட்டதே. சோளமும் சோயாவும் கலந்த அச்சத்துமா, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறைகுறைந்த குழந்தைகளுக்கும் வழங்கப்படுவது. அதன் பயன் ஐயத்திற்கிடமற்றது. ஆனால் ஒரு பிள்ளையின் பெயரில் வரும் பொதி, லயன் அறையிலுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் பங்கிடப்படுவது இயற்கை. பசித்திருக்கும் மூவரின் முன்னே ஒருவனுக்கு மட்டும் ஊட்டுமாறு தாயொருத்தியிடம் கோருவது எவ்வகை விஞ்ஞானம்? தனிப் பிள்ளையை அலகாகக் கொள்ளும் திட்டம் குடும்பத்தைச் சந்திக்கும்போது தோல்வியுறுவது தாயின் குற்றமன்று.

‘சமூகப் பங்கேற்பு’ என்னும் தொடர் இன்று எல்லாத் திட்ட ஆவணங்களிலும் காணப்படுகின்றது. பிள்ளைக் காம்பராவைப் பொறுத்தவரை அச்சமூகம் எது? கதவு எப்போது திறக்கவேண்டும், எப்போது மூடவேண்டும் என்பதைப் பிரட்டுச் சங்கு தீர்மானிக்கின்றதேயன்றித் தாய்மாரின் கூட்டமொன்று தீர்மானிக்கவில்லை. தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தரின் பற்றாக்குறையும் இவ்விடத்துச் சேர்த்து நோக்கத்தக்கது. தாயின் மொழியறியாத ஊழியர் எத்துணை நல்லெண்ணம் உடையவராயினும், குழந்தையை நிறுத்துப் பார்க்கலாமேயன்றித் தாயுடன் உரையாட முடியாது.

இதனினும் பாரதூரமான மாற்றமொன்று கண்முன்னே நிகழ்கின்றது. தோட்டங்களிற் பதிவுபெற்ற தொழிலாளரின் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. இளந்தாய்மார் பலர் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் கொழும்பு வீடுகளுக்கும் மத்திய கிழக்கிற்கும் செல்கின்றனர். பிள்ளைகள் பாட்டியிடம் விடப்படுகின்றனர். தாய் தோட்டத்திற்கு உழைப்பவளாக இல்லாதவிடத்து, அவளது பிள்ளையைப் பராமரிக்கவேண்டிய தேவை கம்பனியின் இலாபக் கணக்கிலே இடம்பெறாது. உழைப்பிற்காகத் தோன்றிய நிறுவனம், உழைப்பு அகலும்போது தானும் தேய்வது அதன் தோற்றத்திலேயே அடங்கியிருந்த விதியாகும்.

பிள்ளைக் காம்பரா முதலாளித்துவத்தின் கருவியன்றி வேறில்லை, அது ஒழியட்டும் எனக் கூறுவோரும் உளர். அக்கூற்று வரலாற்றின் ஒரு பாதியையே காண்பது. பிறர் தேவைக்காகக் கட்டப்பட்ட அக்கூரையின் கீழேதான் பல தலைமுறைப் பிள்ளைகள் மழைக்கும் குளிருக்கும் தப்பினர். பெண்கள் கூலி ஈட்டுவதற்கும் அது துணையாயிற்று. நாட்டின் ஏனைய பகுதிகளிலே தொழில்செய்யும் தாய்மார் இன்று வேண்டிநிற்பதும் அத்தகைய பகற் காப்பகத்தையே. எனவே வேண்டப்படுவது அந்நிறுவனத்தின் அழிவன்று. அதன் உரிமை மாற்றமேயாகும்.

தாயின் வேலைப்பதிவைக் கொண்டன்றிப் பிள்ளையின் வயதைக் கொண்டே அனுமதி வழங்கப்படவேண்டும். 33 ஆம் பிரிவின் தடை நீங்கிய பின்னர் பிரதேச சபைகளும் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைகளும் தோட்டத்து வாயிலில் நின்றுவிடுவதற்கு நியாயமில்லை. பிரசவ விடுமுறையும் பாலூட்டும் நேரமும் கொழுந்தின் நிறைக் கணக்கோடு பொருத்தப்பட்டாலன்றி, தாய்ப்பால் வாரமும் போசாக்கு மாதமும் வெறுஞ் சடங்குகளாகவே எஞ்சும். தோட்டத்திலே கொழுந்து நாளுக்குப் பலமுறை நிறுக்கப்படுகின்றது; பிள்ளை மாதத்திற்கு ஒருமுறை நிறுக்கப்படுகின்றது. முதலாவது தராசிலே குறைவு ஏற்பட்டால் உடனே கூலி வெட்டப்படுகின்றது. இரண்டாவது தராசிலே குறைவு ஏற்படும்போது எவரிடம் கணக்குக் கேட்பது என்பது தெளிவாகும் நாளிலேயே, பிள்ளைக் காம்பரா பிள்ளைக்கு உரியதாகும்.