பெயரையா ஒப்பிடுவது, படிப்பையா?

"வணிகப் பட்டப்படிப்புக்கு என்யுஎஸ்ஸா, எஸ்எம்யுவா?" மாணவர்களின் வாதக் கட்டுரைகள் பெரும்பாலும் தரவரிசையோடு நின்றுவிடுகின்றன. அது ஒப்பீடு இல்லை, பெயர் பார்ப்பதுதான்.

ஒப்பீட்டுக்குப் பொது அளவுகோல் வேண்டும். வகுப்பறையையே எடுத்துக்கொள்வோம். 2000இல் தொடங்கிய எஸ்எம்யுவில் சிறிய வகுப்புகள். கலந்துரையாடலில் பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. கெண்ட் ரிட்ஜில் உள்ள என்யுஎஸ்ஸில் பொறியியல், மருத்துவம் எனப் பல துறைகள். வேறு துறைப் பாடங்களையும் எடுத்துப் படிக்கலாம்.

ஜாலான் புசாரில் ரயில் ஏறினால் அடுத்த நிலையம் பென்கூலன், இறங்கினால் எஸ்எம்யு. பக்கம் என்பதும் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டும் போதுமா? வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைக்கு அங்கே பயிற்சியும் கிடைக்கும், மதிப்பெண்ணும் குறையலாம். நான்கு ஆண்டு விஷயம் இது.

முடிவுரையில் "இரண்டும் நல்லவையே" என்று எழுதாதீங்க. யாருக்கு எது, ஏன் என்று எழுதுங்க.