குழந்தை யாருக்காக எழுதுகிறது?

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களில் 'நான் விரும்பும் தலைவர்' கட்டுரை எழுதாதவர் அரிது. முன்னுரை, இளமை, தொண்டு, முடிவுரை என்று உட்தலைப்பிட்டு, அடிக்கோடு போட்டு எழுதும் அந்தக் கட்டுரையில் தலைவர் மாறலாம், வாக்கியங்கள் மாறுவதில்லை. ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப்போட்டதோ நோட்ஸில் அச்சானதோ அப்படியே நோட்டில் இறங்குகிறது. எல்லா நோட்டிலும் ஒரே கட்டுரை இருப்பதால், ஒரு வகுப்பின் நோட்டுகள் முழுவதையும் ஒரே பாடவேளையில் திருத்தி முடிக்க முடிகிறது. எழுத்துப்பிழை தேடலாம், கையெழுத்தைப் பார்க்கலாம். இந்தக் குழந்தை என்ன சொல்ல வருகிறது என்று படித்துப் பார்க்க அங்கே எதுவும் இல்லை. அது குழந்தைக்கும் தெரியும்.

இதற்கு மாற்று தேடியவர்கள் உலகெங்கும் இருந்திருக்கிறார்கள். 'மகிழ்ச்சியாக எழுதுதல்', 'பொருளுள்ள எழுத்து' என்ற சொற்கள் இன்று நம் ஆசிரியர் பயிற்சிகளிலும் கேட்கின்றன. ஆனால் வண்ணப் பென்சிலும் பாட்டும் விளையாட்டும் சேர்ந்தால் எழுத்து மகிழ்ச்சியாகிவிடும் என்று நம்புவது அவசரம். அவை எழுதும் நேரத்தைக் கலகலப்பாக்கும். எழுதியதன்மேல் குழந்தைக்கு அக்கறையை உண்டாக்குமா என்பது வேறு கேள்வி. ஆகவே ஒரு கடினமான அளவுகோலை வைத்துப் பார்க்க விரும்புகிறேன். தான் எழுதியதைத் திருத்தி மறுபடி எழுத ஒரு குழந்தை தானாக உட்காருமானால் அந்த முறை தேறியது, உட்காராவிட்டால் தேறவில்லை.

இந்த அளவுகோலுக்கு முதல் சான்று ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயிடம் கிடைக்கிறது. யாஸ்னயா போல்யானாவில் குடியானவர் பிள்ளைகளுக்காக அவர் நடத்திய பள்ளியைப் பற்றி 1862இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். யார் யாரிடமிருந்து எழுதக் கற்பது, நம்மிடமிருந்து அவர்களா, அவர்களிடமிருந்து நாமா என்பதே அதன் தலைப்பு. ஒரு பழமொழியைக் கொடுத்து அதன்மேல் கதை எழுதச் சொல்கிறார், பிள்ளைகள் திகைக்கிறார்கள். அவரே எழுதத் தொடங்கியதும் சூழ்ந்துகொண்டு, இந்த ஆள் இப்படிப் பேசமாட்டான், அந்தக் கிழவன் இப்படிச் செய்யமாட்டான் என்று மறுக்கிறார்கள். ஃபேத்கா, சியோம்கா என்ற இரு சிறுவர்கள் இரவு வெகுநேரம் வரை விடாமல் சொல்லச் சொல்ல, அவர் எழுதுகிறார். பின்னர் அந்தக் கையெழுத்துப் படியை வேறு பிள்ளைகள் அறியாமல் காகித விளையாட்டுக்கு எடுத்துப் பாழாக்கிவிட்டார்கள். டால்ஸ்டாய் துயரப்படுகிறார். அந்த இருவரும் அவரிடம் வந்து, நாங்களே திரும்ப எழுதித் தருகிறோம் என்கிறார்கள்.

அளவுகோலுக்கு இதைவிடத் தெளிவான வெற்றி கிடையாது. ஆனால் டால்ஸ்டாய் இதிலிருந்து எடுக்கும் முடிவு எனக்கு ஒப்பவில்லை. குழந்தையின் இயல்பே முழுமையானது, கல்வி அதைக் கெடுக்கத்தான் செய்கிறது என்ற பக்கம் அவர் சாய்கிறார். அன்றிரவு பேனா யார் கையில் இருந்தது என்பதை அவர் கணக்கில் போதிய அளவு சேர்க்கவில்லை. எழுத்துக்கூட்டும் பாரத்தை அவர் சுமந்தார். அதனால் சிறுவர்களின் மனம் கதையில் நின்றது. இன்னொன்றும் நடந்தது. அவர்கள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் உன்னிப்பாகக் கேட்கும் ஒருவர் எதிரே இருந்தார். பிள்ளைகளைத் திரும்ப எழுத வைத்தது இயல்பான மேதைமை என்பதைவிட, அந்தக் கவனம் என்றே நான் வாசிக்கிறேன்.

நியூசிலாந்தில் மவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் இன்னும் கீழிருந்து, முதல் சொல்லிலிருந்து தொடங்கினார். 1963இல் வெளிவந்த 'டீச்சர்' என்ற நூலில் அவர் விவரிக்கும் முறை எளிது. ஒவ்வொரு குழந்தையிடமும் உனக்கு எந்தச் சொல் வேண்டும் என்று கேட்டு, அதை ஓர் அட்டையில் எழுதிக் கொடுப்பார். பேய், முத்தம் என்று அச்சத்தையும் ஆசையையும் தொடும் சொற்களைக் குழந்தைகள் கேட்டார்கள். ஒருமுறை பார்த்தாலே அவை மனத்தில் நின்றன. மறுநாள் மறந்துபோன அட்டையை அவர் எடுத்துவிடுவார். அது அந்தக் குழந்தையின் சொல்லாக இருந்திருக்காது என்பது அவர் கணிப்பு. 'அணில், ஆடு, இலை' என்று எல்லாருக்கும் ஒரே வரிசையைக் கொடுக்கும் நம் பாடநூல்கள் இவரிடம் கற்க நிறைய உண்டு. எனினும் இது வாசல்வரை கொண்டுசேர்க்கும் முறை. தனக்குப் பிடித்த சொல்லை எழுதத் தெரிந்த குழந்தை ஒரு பக்கம் எழுதுவது எப்படி, எழுதியதைச் செப்பனிடுவது எப்படி என்ற கேள்விக்கு இதில் வலுவான விடை இல்லை.

அந்த விடை பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனேயிடம் இருந்தது. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டு, உரக்கப் பேசிப் பாடம் நடத்த முடியாத நிலையில் தென்கிழக்குப் பிரான்சின் பார்-சூர்-லூ என்ற சிற்றூருக்கு ஆசிரியராக வந்தவர் அவர். பிள்ளைகளை வெளியே நடத்திச் செல்வார். பார்த்ததைத் திரும்பிவந்து கரும்பலகையில் சேர்ந்து எழுதுவார்கள். சாயங்காலம் அது அழிந்துபோகும். இந்த அழிவு உறுத்தியதால் 1924இல் வகுப்பறைக்குள்ளேயே ஒரு சிறிய அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார்.

அதன் பிறகு நடந்த வேலையின் ஒழுங்கைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். பிள்ளைகள் தாம் விரும்பியதை, விரும்பியபோது எழுதுகிறார்கள். வகுப்பில் வாசிக்கிறார்கள். எதை அச்சிடுவது என்று வகுப்பு வாக்களித்து ஒன்றைத் தேர்கிறது. அது கரும்பலகைக்கு வருகிறது. எழுதியவரின் ஒப்புதலோடு எல்லாரும் சேர்ந்து தெளிவுபடுத்துகிறார்கள், பிழை நீக்குகிறார்கள். பின் பிள்ளைகளே ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சடிக்கிறார்கள். அச்சான பக்கம் வகுப்பின் நூலில் சேர்கிறது. இன்னொரு படி பிரிட்டனிக் கடலோரத்தில் உள்ள ஒரு பள்ளிக்குத் தபாலில் போகிறது. அங்கிருந்து கடலைப் பற்றிய பதில் வருகிறது. மலையோரப் பிள்ளைக்குக் கடல் தெரியாது, கடலோரப் பிள்ளைக்கு மலை தெரியாது. ஆக எழுதுவதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. தெளிவில்லாமல் எழுதினால் அங்கிருப்பவருக்குப் புரியாது என்ற உண்மையான நெருக்கடியும் இருக்கிறது. எழுத்துப்பிழை இங்கே மதிப்பெண்ணைக் குறைக்கும் குற்றம் அன்று. வாசகருக்கும் சொல்லவந்ததற்கும் குறுக்கே நிற்கும் தடை. அதை நீக்கக் குழந்தையே முனைகிறது.

குறைகளும் உண்டு. வாக்கெடுப்பு ஏற்கெனவே நன்றாக எழுதும் குழந்தைக்கும், வகுப்பில் செல்வாக்குள்ள குழந்தைக்கும் சாயும். பலர் கைபட்டுச் செம்மையாகும்போது எழுதியவரின் குரல் தேய்ந்து, எல்லாரும் ஏற்கும் ஒரு நடை மிஞ்சும் ஆபத்தும் இருக்கிறது. ஆசிரியருக்கும் இது பாதுகாப்பான வழியாக இருக்கவில்லை. சேன்-போல் என்ற ஊருக்கு மாறிய பிறகு, மேயரை எதிர்ப்பதாக ஒரு சிறுவன் எழுதிய கனவு ஃப்ரெனேக்கு எதிராகச் சுவரொட்டியாயிற்று. 1933இல் அவர் அரசுப் பள்ளியை விட்டு வெளியேற நேர்ந்தது. குழந்தை உண்மையை எழுதட்டும் என்று சொல்வது எளிது. அந்த உண்மை சத்துணவைப் பற்றியோ ஊரிலுள்ள தனிக்குவளை பற்றியோ இருந்தால் என்ன செய்வது என்பதற்கு நம் பள்ளிகளும் விடை வைத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் நடந்த பெரிய முயற்சி செயல்வழிக் கற்றல். ரிஷி வேலிப் பள்ளியின் முறையைத் தழுவி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியது. கற்றல் ஏணிப்படி, பாட அட்டைகள், சுவரின் கீழ்ப்பகுதியில் குழந்தையின் கைக்கு எட்டும் கரும்பலகை, தலைக்குமேல் குழந்தைகளின் ஆக்கங்களைத் தொங்கவிடக் கம்பிப்பந்தல். எழுத்தைப் பொறுத்தவரை அந்தத் தாழ்ந்த கரும்பலகையைப் பெரிய காரியமாக மதிக்கிறேன். சாக்பீஸைக் குழந்தையின் உரிமையாக்கியது அது. ஆனால் அட்டை கேட்ட கேள்வி எல்லாக் குழந்தைக்கும் ஒன்றே. பந்தலில் தொங்கியது பார்வையிட வருபவருக்குக் காட்சிப்பொருளாயிற்று. அதைப் படித்து எழுதியவரிடம் மறுகேள்வி கேட்க ஆளில்லை. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் கொரோனாக் கால இழப்பை ஈடுகட்ட எழுந்தது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துப் பயிற்சி கொடுக்கிறது. எழுத்துகளையே அறியாத குழந்தையை அடையாளம் கண்டு கைதூக்குவதில் அதன் நியாயம் வலுவானது. எழுத்து, சொல், வாக்கியம் என்ற அந்த வரிசையில் சொந்தச் செய்திக்கு இடம் எப்போது என்ற கேள்விதான் மிஞ்சுகிறது. 'மலர்' ஆகும்வரை காத்திருக்கச் சொன்னால், எழுத்து என்பது பிறர் சொன்னதைத் திருப்பித் தருவது என்ற பாடம் அதற்குள் ஆழப் பதிந்துவிடும். ஊஞ்சல், தேன்சிட்டு என்று பள்ளிக் கல்வித் துறையே பிள்ளைகளுக்காக இதழ் நடத்துவது நல்ல செய்தி. ஆனால் பல லட்சம் பிள்ளைகளுக்கு அந்தச் சில பக்கங்கள் போதா. இரு பள்ளிகள் மாற்றிக்கொள்ளும் கையெழுத்து இதழ் அதைவிடக் கூடுதல் வேலை செய்யும்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலை வெளிநாட்டு முறைகள் தீர்த்துத் தரமாட்டா. பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறு. ஒரு மூன்றாம் வகுப்புக் குழந்தை, 'எங்க ஆடு நேத்து ரெண்டு குட்டி போட்டுச்சு. ஒண்ணு செத்துப்போச்சு' என்று எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வழக்கமான சிவப்பு மை நான்கு இடத்தில் வட்டம் போட்டு, 'ஈன்றது' என்று மேலே எழுதும். அந்தக் குழந்தை அடுத்த முறை ஆட்டைப் பற்றி எழுதாது. பசு ஒரு வீட்டு விலங்கு என்று எழுதும், அதில் பிழை வராது. நம் வகுப்பறைகளின் வறண்ட கட்டுரைகள் பெரும்பாலும் இப்படிப் பிறந்தவை என்பது என் துணிபு. பிழைக்குப் பயந்த குழந்தை தெரிந்த வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. கரிசல் பேச்சுக்கு 1982இல் அகராதியே தொகுத்த கி. ராஜநாராயணனைக் கொண்டாடும் சமூகம், அதே கரிசல் மண்ணின் குழந்தை நோட்டில் பேச்சைக் கண்டதும் வெட்டுவது பொருந்தாது.

இங்கே வலிமையான ஒரு மறுப்பைச் சந்திக்க வேண்டும். அமெரிக்கக் கறுப்பினக் கல்வியாளர் லிசா டெல்பிட் 1980களில் எழுப்பியது அது. அப்போது அங்கே தடையற்ற எழுத்தோட்டம்தான் முக்கியம், விதிகள் தாமாக வந்துசேரும் என்ற போக்கு பரவியிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு ஓட்டம் வீட்டிலேயே இருக்கிறது, பள்ளி தர வேண்டியது அதிகாரத்தின் மொழி, அதை நீங்கள் மறைத்துவைக்கிறீர்கள் என்று கறுப்பினப் பெற்றோரும் ஆசிரியர்களும் உணர்வதை அவர் எடுத்துச் சொன்னார். நடுத்தர வர்க்கக் குழந்தைக்கு அந்த மொழி வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது; மற்றவர்களுக்குப் பள்ளியை விட்டால் வேறிடம் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இது அப்படியே பொருந்தும். வீட்டில் நாளிதழ் இல்லாத, முதல் தலைமுறையாகப் படிக்கவந்த பிள்ளையிடம் 'உன் பேச்சே அழகு, அப்படியே எழுது' என்று சொல்லி அங்கேயே விட்டுவிடுவது அன்பாகத் தோன்றும் அநீதி. நாளை விண்ணப்பம் எழுதும்போதும், தேர்வு எழுதும்போதும், நாளிதழுக்குக் கடிதம் எழுதும்போதும் அந்தப் பிள்ளைதான் தோற்கும். டெல்பிட்டை முன்னிறுத்திப் பழைய பயிற்சி நோட்டுக்குத் திரும்பச் சொல்பவர்களும் அவரைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். உண்மையான எழுத்து வேலைக்குள்ளேயே விதிகளை வெளிப்படையாகக் கற்றுக்கொடுங்கள் என்பதே அவர் கேட்டது.

ஆகவே என் தீர்ப்பு வரிசையைப் பற்றியது. ஆட்டைப் பற்றி எழுதிய குழந்தையிடம் ஆசிரியர் முதலில் கேட்க வேண்டியது, 'மத்த குட்டி பால் குடிக்குதா?' என்பதுதான். அந்தக் கேள்வியால் இரண்டு வாக்கியம் ஆறாகும். அம்மா என்ன சொன்னார், செத்த குட்டியை எங்கே புதைத்தார்கள் என்றெல்லாம் வரும். அடுத்த ஊர்ப் பள்ளிக்கு இதை அனுப்பப்போகிறோம் என்ற நிலையில்தான் இரண்டாவது எழுத்து. அப்போது 'போட்டுச்சு' என்பது 'போட்டது' ஆகலாம். 'ஈன்றது' தேவையே இல்லை. அம்மா சொன்னது மேற்கோள் குறிக்குள் பேச்சாகவே நிற்கும். மேற்கோள் குறி எதற்கு என்பதும் அன்றைக்கே விளங்கிவிடும். ண, ன, ந வேறுபாட்டையும் அங்கே ஒளிவுமறைவின்றிச் சொல்லித்தர வேண்டும். முதல் எழுத்தில் சிவப்பு மை கூடாது. இரண்டாம் எழுத்தில் திருத்தாமல் விடக் கூடாது. இந்த ஒழுங்கு ஃப்ரெனேயிடம் முழுமைக்கு மிக அருகில் இருக்கிறது. அவருடைய வாக்கெடுப்பை மட்டும் மாற்றி, சுற்றுமுறையில் ஒவ்வொரு குழந்தையின் எழுத்தும் பருவத்துக்கு ஒருமுறையாவது கரும்பலகைக்கு வரும்படி செய்தால், நான் பார்த்த முறைகளில் நம் பள்ளிகளுக்கு மிகப் பொருத்தமானது அதுவே.

நாற்பது நோட்டை யார் படிப்பது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். கேட்பதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. பதிவேடுகளும் செயலிகளும் அவர்கள் நேரத்தைத் தின்கின்றன. நாற்பதையும் படிக்கத் தேவையில்லை. ஒரு நாளைக்கு நான்கு பேர் எழுதியதைப் படித்து ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்டால் இரண்டு வாரத்தில் வகுப்பு முடிந்துவிடும். மற்ற நாள்களில் பிள்ளைகள் ஒருவரையொருவர் படிக்கட்டும். தேர்வுதான் கடினமான தடை. அடிக்கடி பேசப்படும் அசர் (ASER) கல்வி அறிக்கை முக்கியமாக அளப்பது வாசிப்பையும் கணக்கையும். பொதுத்தேர்வோ கட்டுரைக்கான குறிப்புகளைத் தானே கொடுத்து, அவற்றை விரித்தெழுதச் சொல்கிறது. குழந்தை சொந்தமாக எழுதியதை மதிப்பிடும் இடம் எங்குமே இல்லாதபோது ஆசிரியரை மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது. வளரறி மதிப்பீட்டுக்கென ஏற்கெனவே ஒதுக்கியிருக்கும் மதிப்பெண்களில் ஒரு பகுதியை ஒரே எழுத்தின் முதல் வடிவத்துக்கும் இரண்டாம் வடிவத்துக்கும் இடையே குழந்தை செய்த மாற்றத்துக்குத் தரலாம். அதற்குப் புதிய திட்டம் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும்.