சிரிக்காத முகம்

பண்பொழியில் எங்கள் ஆச்சி வீட்டுத் தொலைக்காட்சியில் ‘அறிவாளி’ (1963) படத்தின் பூரிக் காட்சி வந்துவிட்டால் மாமாக்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பூரி சுடுவது எப்படி என்று கணவர் தங்கவேலு படிப்படியாகச் சொல்லித் தருவார். மனைவி டி.பி. முத்துலட்சுமி, அது தனக்கு ஏற்கெனவே தெரியும் என்ற ஒரே பதிலை ஒவ்வொரு படிக்கும் சொல்வார். ஆச்சி மட்டும் சிரிக்க மாட்டாள். “தெரியாதுன்னு சொன்னா அதுக்கும்லா ஏசுவாங்க” என்பாள்.

எனக்குக் கிடைத்த முதல் திரை விமர்சனம் அதுதான்.

ஷேக்ஸ்பியரின் நாடகத்தைத் தழுவிய ‘அறிவாளி’, திமிர் பிடித்தவளாகக் காட்டப்படும் பானுமதியைக் கணவன் சிவாஜி அடக்கும் கதை. அதற்குள் வரும் பூரிக் காட்சியும் சமைக்கத் தெரியாத மனைவியைக் கேலி செய்யவே எழுதப்பட்டது. அதை மறைக்க வேண்டியதில்லை. வசனம் முத்துலட்சுமியின் கையில் இல்லை. குரலும் முகமும் அவர் கையில் இருந்தன. கணவரின் எரிச்சல் ஏற ஏற, இவர் குரல் ஏறுவதில்லை. முகத்தில் வெட்கமோ குற்றவுணர்வோ இல்லை. பானுமதியை அடக்க ஒரு முழுப்படம் இருக்கிறது. இவரை அடக்க அந்தச் சமையலறையில் யாராலும் முடியவில்லை.

சிரிக்காமல் சிரிக்க வைத்த பஸ்டர் கீட்டனை உலகம் ‘கல்முகம்’ என்று பட்டம் சூட்டிக் கொண்டாடியது. தூத்துக்குடியில் பிறந்து, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) உட்பட எத்தனையோ படங்களில் நடித்து, 2008இல் மறைந்த முத்துலட்சுமியை நாம் பெரும்பாலும் யாருக்கு ஜோடியாக நடித்தார் என்று சொல்லித்தான் நினைவுகூர்கிறோம். பூரிக் காட்சியையும் ‘தங்கவேலு காமெடி’ என்றே சொல்கிறோம். அவர் பதில் இல்லாவிட்டால் அங்கே இருப்பது வெறும் சமையல் குறிப்பு.

கல்யாணமான முதல் வாரம், இட்லிக்கு எவ்வளவு உளுந்து போட வேண்டும் தெரியுமா என்று மாமியார் கேட்டார். கூடத்தில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள். “தெரியும் அத்தை” என்றேன். தெரியாது. முகத்தை மட்டும் அசையாமல் வைத்துக்கொண்டேன். அந்த முகத்தை யாரிடம் கற்றேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இப்போது அந்தக் காட்சியைப் பார்த்தால் நானும் சிரிக்கிறேன். ஆனால் மாமாக்கள் சிரித்த இடத்தில் அல்ல. எல்லாம் தெரிந்த கணவருக்கு அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் போகும் இடத்தில்.