ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும், வாசல் கிடைக்காது

இது பயணக் கட்டுரை இல்லை, விமர்சனம். ஆனால் படத்துக்கோ புத்தகத்துக்கோ எழுதும் விமர்சனம் இல்லை. "நடக்க முடியாதவங்க கவலைப்பட வேண்டாம், மொபிலிட்டி ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்துக்கலாம்" என்று க்ரூஸ் கப்பல் பயணங்களில் சொல்லப்படும் ஓர் ஏற்பாட்டை ஒரு எஞ்சினியராகப் பார்த்து எழுதுவது. கொஞ்சம் அளவு, கொஞ்சம் சட்டம், கொஞ்சம் குடும்பக் கதை மூன்றும் கலந்து வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கதையிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு ஊர் கடலாடி. அம்மாவின் அப்பா கொழும்பில் கடையில் வேலை பார்த்தவர். தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி ரயில் பிடித்துப் போனவர். 'போட் மெயில்' காலம் அது. 1914இல் தொடங்கிய அந்தத் தனுஷ்கோடி வழி 1964 டிசம்பர் புயலோடு முடிந்துபோனது. அதற்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து 'ராமானுஜம்' என்ற கப்பல் தலைமன்னாருக்குப் போய்வந்தது. 1980களில் அதுவும் நின்றுவிட்டது. அம்மா இரண்டிலும் ஏறியதில்லை. "எங்கப்பா போன மாதிரி நானும் ஒரு தடவ கப்பல்ல போகணும்ப்பா" என்பது நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஆசை. நாங்கள் ஏற்பாடு செய்யும் நேரத்தில் அவருக்கு எழுபத்து நாலு வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்து, வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துத்தான் நடை.

தங்கச்சி சிங்கப்பூரில் இருக்கிறாள். அங்கிருந்து மூன்று இரவு க்ரூஸ். சிங்கப்பூரில் மொபிலிட்டி ஸ்கூட்டர் சாதாரணக் காட்சி. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழே வயசானவர்கள் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். வாடகைக்கும் கிடைக்கிறது. எடுத்தோம்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி: நம்மூரில் அரசு கொடுக்கும், பின்னால் இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் இல்லை இது. பேட்டரியில் ஓடும் சின்ன நாற்காலி வண்டி. முன்னால் ஒரு கைப்பிடித் தண்டு, அடியில் மோட்டார், நடைவேகம். 1968இல் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஆலன் தீம் என்ற பிளம்பர், நரம்புநோயால் நடக்க முடியாமல் போன தன் உறவினருக்காக வீட்டு கராஜில் செய்ததுதான் இதன் முன்னோடி. அதற்கு 'அமிகோ' என்று பேர் வைத்தார். ஸ்பானிஷ் மொழியில் நண்பன்.

அந்தப் பெயர் சரி என்று எனக்கு முதல் நாள் சாயங்காலமே தெரிந்தது. டீ வாங்கப் போய்விட்டுத் திரும்பினால் அம்மாவைக் காணோம். தங்கச்சி ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தேடினோம். கடைசியில் கப்பலின் பின்பக்கத் தளத்தில், கம்பி ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சும்மா ஒரு சுத்து வந்தேன்ப்பா" என்றார். எட்டு வருடத்தில் முதல் தடவையாக அம்மா யாரிடமும் சொல்லாமல் ஓர் இடத்துக்குப் போயிருந்தார்.

சக்கர நாற்காலிக்கும் ஸ்கூட்டருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பின்னால் ஆள் தள்ளும் நாற்காலி, தள்ளுகிறவர் நினைத்த இடத்துக்குப் போகும். ஸ்கூட்டர் உட்கார்ந்திருப்பவர் நினைத்த இடத்துக்குப் போகும். அதனால் வண்டியின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. குறை முழுக்க அதைச் சுற்றியுள்ள ஏற்பாட்டின் மேல்தான்.

முதல் குறை, கேபின் வாசல். நாங்கள் பதிவு செய்தபோது மாற்றுத்திறனாளிகளுக்கான அகலமான அறைகள் தீர்ந்துவிட்டன. "பரவாயில்லை, ஸ்கூட்டர் சின்னது, சாதாரண அறைக்குள் போயிடும்" என்று சொன்னார்கள். அறைக் கதவின் இடைவெளி 23 அங்குலம். ஸ்கூட்டரின் அகலம் 21 அங்குலம். காகிதத்தில் போகும். ஆனால் கதவுக்கு நேராக யாரும் பறந்து வந்து இறங்குவதில்லை. நடைபாதையில் வந்து, தொண்ணூறு டிகிரி திரும்பித்தான் நுழைய வேண்டும். நடைபாதையின் அகலம் 42 அங்குலம், ஸ்கூட்டரின் நீளம் 40. திரும்புவதற்கு அங்கே இடமே இல்லை. அகலத்தை மட்டும் ஒப்பிட்டவர்கள் திருப்பத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் தொழிலில் சொல்வதானால், இரண்டு மாட்யூலையும் தனித்தனியாக டெஸ்ட் செய்து பாஸ் போட்டுவிட்டு, சேர்த்து ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை.

சரி, வெளியே நிறுத்தலாமே? கூடாது. நடைபாதை அவசரகாலத்தில் எல்லோரும் ஓட வேண்டிய வழி. அந்த விதி முழுக்க நியாயம். ஆகவே தினமும் ராத்திரி நானும் மாப்பிள்ளையும் இருக்கை, பேட்டரி, முன்பாகம், பின்பாகம் என்று வண்டியைப் பிரித்து உள்ளே தூக்கி வைப்போம். காலையில் மறுபடி மாட்டுவோம். பிரித்த பிறகு அம்மா கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் போக எங்கள் தோள்தான். பாத்ரூம் வாசலில் வேறு அரையடி உயரத்துக்கு ஒரு படி. மகனை எழுப்பக் கூடாது என்று இரண்டாம் நாள் ராத்திரியிலிருந்து அம்மா தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார். இது எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. பகலில் சுதந்திரம் கொடுத்த கப்பல், ராத்திரியில் அதைப் பிடுங்கிக்கொண்டது.

இன்னொன்று, இறங்குதல். துறைமுகத்தில் கட்டும் இடங்களில் சாய்பாலம் போட்டு இறக்கிவிடுவார்கள். எங்கள் பயணத்தில் ஒரு தீவுக்கு வெளியே நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஆட்களை ஏற்றிப் போனார்கள். ஸ்கூட்டருக்கு அந்தப் படகில் அனுமதி இல்லை, சில படிகளாவது தானே ஏறி இறங்கக்கூடியவர்தான் வரலாம். ஆடுகிற படகில் அது பாதுகாப்புக் காரணம். மறுக்க முடியாது. ஆனால் டிக்கெட் விற்கும்போதே சொல்லியிருக்கலாம்.

இங்கே எதிர்வாதத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். "கப்பல் என்றால் படி இருக்கத்தான் செய்யும், தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க வேண்டாமா?" உண்மை. 1966ஆம் ஆண்டின் சர்வதேச லோட் லைன் ஒப்பந்தம், மேற்கட்டின் முனைச் சுவர்களில் உள்ள வாசல்களுக்குத் தளத்திலிருந்து குறைந்தது 380 மில்லிமீட்டர் உயரப் படி கேட்கிறது. ஒன்றேகால் அடி. அலை தளத்தில் ஏறினால் உள்ளே புகாமல் இருப்பதற்கு. எந்த மகனும் அந்தப் படியை உடைக்கச் சொல்ல மாட்டான். ஆனால் உள்ளறை பாத்ரூமின் படிக்கும் கேபின் கதவின் 23 அங்குலத்துக்கும் கடலோடு என்ன சம்பந்தம்? அவை இடத்தை மிச்சம் பிடித்து இன்னும் நாலு அறை கூட்டுவதற்கான அளவுகள். காரணம் உள்ள தடையையும் வசதிக்காக வைத்த தடையையும் ஒரே 'பாதுகாப்பு' என்ற சொல்லுக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள்.

இந்த வித்தியாசத்தை நான் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005இல் 'ஸ்பெக்டர் எதிர் நார்வீஜியன் க்ரூஸ் லைன்' வழக்கில் இதைத்தான் அலசியது. கப்பல்கள் பஹாமாஸ் கொடியில் பதிவானவை, ஹூஸ்டனிலிருந்து புறப்பட்டவை. வேற்றுநாட்டுக் கொடி பறந்தாலும் அமெரிக்கக் கடற்பகுதிக்குள் வந்தால் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும் என்றது தீர்ப்பு. ஆனால் ஒரு தடையை நீக்குவது சர்வதேசப் பாதுகாப்பு விதிக்கு முரண் என்றால் நீக்கச் சொல்ல முடியாது என்றும் சேர்த்துச் சொன்னது. எந்தப் படி எந்த வகை என்று ஒவ்வொன்றாகப் பார், மொத்தமாகத் தள்ளாதே என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

ஐரோப்பாவில் 1177/2010 என்ற ஒழுங்குவிதி 2012 டிசம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. உடற்குறையைக் காரணம் காட்டி டிக்கெட் மறுப்பதைப் பாதுகாப்பு போன்ற சில காரணங்களுக்கு மட்டும் சுருக்குகிறது. நடமாட உதவும் கருவியைக் கப்பல்காரர் தன் தவறால் உடைத்தாலோ தொலைத்தாலோ ஈடு கொடுக்கவும் சொல்கிறது. உலக அளவிலோ, சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1996இல் முதியோர், மாற்றுத்திறனாளிகள் தேவைக்கேற்பப் பயணிகள் கப்பல்களை எப்படி வடிவமைக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை விட்டது. நல்ல அறிக்கைதான். ஆனால் வெறும் பரிந்துரை.

இந்தப் 'பரிந்துரை' நமக்கும் பழக்கமான சொல். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அணுகல் வசதியைக் கட்டாயம் என்றது. அதன் கீழ் 2017இல் வந்த விதிகளில் 15(1) ஒரு குவியல் வழிகாட்டுதல்களைக் காட்டிவிட்டு நின்றது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்டத்துக்கே முரணானது என்றது. எவையெல்லாம் கட்டாயம் என்று பிரித்து விதி எழுத ஒன்றிய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. சட்டத்தில் 'வேண்டும்' என்று எழுதிவிட்டு விதியில் 'செய்தால் நல்லது' என்று இறக்கிவிட்டால், கட்டுகிறவர் எதைப் படிப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

வாடகை ஸ்கூட்டர் அந்த ஓட்டையில்தான் வந்து உட்கார்கிறது. கட்டியவர் செய்ய வேண்டிய வேலை, பயணியின் லக்கேஜாக மாறிவிடுகிறது. வாடகை அவர் கொடுக்க வேண்டும், சார்ஜ் அவர் போட வேண்டும், பிரித்து மாட்ட ஆள் அவர் கூட்டிவர வேண்டும். வாசலில் மாட்டிக்கொண்டால் "உங்க வண்டி பெரிசு" என்பார்கள். "எங்க வாசல் சின்னது" என்று யாரும் சொல்வதில்லை.

நம்மூரிலும் கருவி கொடுப்பது சுலபம். மேடை போடலாம், வரிசையாக வண்டியை நிறுத்திப் படம் எடுக்கலாம். சாய்தளத்தை அப்படிக் கைமாற்றிக் கொடுத்துப் படம் எடுக்க முடியாது. விதிவிலக்காக, பாதையையே கட்டிய ஓர் உதாரணம் சென்னை மெரினாவில் இருக்கிறது. 2022 நவம்பரில் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர்கள் அலைக்குப் பக்கத்தில் போனார்கள். இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் கடற்புற முனையை உடைத்தது. சிலர் சிரித்தார்கள். பிறகு சரிசெய்து திறந்தார்கள். பாதை என்றால் அப்படித்தான், கட்டுவதோடு பராமரிப்பும் சேர்த்துத்தான் கணக்கு.

எங்கள் பக்கத்துக் கடலில் பயணிகள் கப்பல் மறுபடி வந்திருப்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று 'செரியபாணி' புறப்பட்டது. 2024 ஆகஸ்டிலிருந்து 'சிவகங்கை'. 2022இலிருந்து சென்னையில் க்ரூஸ் புறப்படுகிறது. அதற்கு வந்த 'எம்ப்ரஸ்' 1990இல் கட்டப்பட்டது. ஒரு கப்பல் முப்பது வருடத்துக்கு மேல் ஓடும். இன்றைக்கு எழுதாமல் விட்ட விதி, அடுத்த தலைமுறைக்கும் அதே 23 அங்குலமாக நிற்கும்.

அதுவரை, வீட்டில் பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் "ஸ்கூட்டர் கிடைக்குமா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கதவு எத்தனை அங்குலம், நடைபாதை எத்தனை அங்குலம், பாத்ரூமில் படி உண்டா, எந்த ஊரில் படகில் இறங்க வேண்டும், அவசரம் என்றால் லிஃப்ட் நின்றுவிடுமே, யார் தூக்குவார்கள்? இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். அகலமான அறை இல்லையென்றால் தேதியை மாற்றுங்கள். நான் மாற்றியிருக்க வேண்டும்.

கடைசியாக என்மேலேயே ஒரு விமர்சனம். ஊருக்குத் திரும்பியதும் அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு ஸ்கூட்டர் வாங்கலாம் என்று விலை பார்த்தேன். அம்மா வாசலைக் காட்டினார். "இத எப்படிப்பா இறக்குவ?" பத்து வருடத்துக்கு முன்னால் நானே வரைபடம் பார்த்துக் கட்டிய வீடு. மழைத்தண்ணீர் ஏறக்கூடாது என்று அஸ்திவாரத்தை இரண்டடி உயர்த்தி, வாசலில் நாலு படி வைத்தேன். கப்பல்காரர் சொல்லும் அதே காரணம், தண்ணீர். சாய்தளம் என்ற நினைப்பே அப்போது எனக்கு வரவில்லை, பக்கத்தில் அம்மா நின்றுகொண்டுதான் இருந்தார்.

ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது அளவு. எனக்கு இருபத்து நாலு அடி வேண்டும், வாசலில் இருப்பது பதினாலு. நடுவில் திரும்ப ஒரு சமதளம் விட்டு, பக்கவாட்டில் மடக்கிக் கொண்டுபோகலாம் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். அந்தச் சமதளத்தை அளக்கும்போது அகலத்தை மட்டும் பார்க்கவில்லை. சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, 40 அங்குல நீளத்துக்கு ஒரு பலகையை வைத்து, திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன். வேலை தை பிறந்ததும் தொடங்குகிறது. வண்டி அதற்கப்புறம்தான் வரும்.