மறுத்தவர்கள் வளர்த்த விருது

இந்தித் திரையுலகின் மூத்த விருதுகளில் ஒன்றான ஃபிலிம்ஃபேரின் வரலாற்றை, வாங்கியவர்களின் பட்டியலை வைத்து எழுதுவதுதான் வழக்கம். அந்த விருது எப்படி வளர்ந்தது என்று விளங்க வேண்டுமானால், மறுத்தவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

டைம்ஸ் குழுமம் 1952இல் தொடங்கிய 'ஃபிலிம்ஃபேர்' இதழ், 1954 மார்ச் 21 அன்று பம்பாய் மெட்ரோ திரையரங்கில் முதல் விழாவை நடத்தியது. மறைந்த திரை விமர்சகர் கிளேர் மெண்டோன்சாவின் நினைவாக அதற்கு முதலில் 'கிளேர்ஸ்' என்று பெயர். தேர்வு வாசகர் வாக்கில் நடந்தது. கைகளை உயர்த்தி ஆடும் பெண்ணாக என். ஜி. பான்ஸாரே வடித்த சிலைதான் பின்னாளில் 'பிளாக் லேடி' என்று புகழ்பெற்றது. அன்று கொடுத்தவை ஐந்தே பரிசுகள். படம், இயக்கம் இரண்டும் பிமல் ராயின் 'தோ பீகா ஜமீன்' படத்துக்கு. நடிகர், 'தாக்' திலீப் குமார். நடிகை, 'பைஜு பாவ்ரா' மீனா குமாரி. இசை, அதே படத்துக்கு நௌஷாத்.

'பைஜு பாவ்ரா'வின் பாடல்களை ஊரெங்கும் கொண்டுபோனவை முகமது ரஃபியின் குரலும் லதா மங்கேஷ்கரின் குரலும். பாடியவர்களுக்கும் பாட்டு எழுதிய ஷகீல் பதாயூனிக்கும் பரிசுப் பட்டியலில் இடமே இல்லை. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. 'மஹல்' (1949) படத்தின் கிராமபோன் தட்டில், பாடியவர் பெயர் 'காமினி' என்றே அச்சாகியிருந்தது. அது மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். பாடிய லதாவின் பெயர் தட்டில் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் 1957ஆம் ஆண்டு விழாவைப் பார்க்க வேண்டும். 'சோரி சோரி' இசைக்காக சங்கர்-ஜெய்கிஷனுக்கு விருது. அந்தப் படத்துப் பாட்டை விழா மேடையில் பாட வரும்படி ஜெய்கிஷன் லதாவைக் கேட்டார். லதா மறுத்துவிட்டார். பாடகருக்கும் பாடலாசிரியருக்கும் பரிசு கிடையாது என்றால், அந்த மேடையில் அவர்கள் குரலும் வரியும் எதற்கு என்பது அவர் வாதம்.

அதே ஆண்டு இன்னொரு மறுப்பு. பிமல் ராயின் 'தேவதாஸ்' படத்தில் சந்திரமுகியாக நடித்த வைஜயந்திமாலாவுக்குத் துணை நடிகை விருது அறிவித்தார்கள். சுசித்ரா சென்னின் பாரோவுக்குச் சற்றும் குறையாத பாத்திரம் அது. துணைப் பாத்திரம் என்று அதைச் சொல்ல அவர் சம்மதிக்கவில்லை. ஃபிலிம்ஃபேர் விருதை முதன்முதலில் வேண்டாம் என்றவர், சென்னையில் பிறந்த இந்தப் பெண்தான். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை.

1959இல் பாடகருக்கும் பாடலாசிரியருக்கும் விருதுகள் வந்துவிட்டன. பாடகருக்கான முதல் விருது 'மதுமதி' பாடலுக்காக லதாவுக்கு. திரையில் அந்தப் பாட்டுக்கு வாயசைத்தவர் வைஜயந்திமாலா. அவரும் அந்த ஆண்டு 'சாதனா'வுக்காகச் சிறந்த நடிகை ஆனார். ஆணுக்கும் பெண்ணுக்குமாக இருந்த ஒரே பாடகர் விருது 1968இல் இரண்டானது. பிறகு லதா, புதியவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். 1979க்குப் பின் ஆஷா போஸ்லேயும் விலகினார். அடுத்த ஆண்டே 'மீரா' படத்துக்காக அந்த விருது நம் வாணி ஜெயராமுக்கு வந்தது.

நகைச்சுவைக்கான முதல் விருது 1967இல் 'ப்யார் கியே ஜா' படத்துக்காக மெஹ்மூதுக்குக் கிடைத்தது. அது ஸ்ரீதர் தம் 'காதலிக்க நேரமில்லை'யைத் தாமே இந்தியில் எடுத்த படம். ஓஹோ புரொடக்ஷன்ஸ் செல்லப்பாவாக நாகேஷ் உருவாக்கிய உடல்மொழிக்கு அந்தப் பரிசில் பெரும்பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். நடன அமைப்புக்கு 1989 வரை பரிசே கிடையாது. 'தேஸாப்' படத்தில் மாதுரி தீட்சித்துக்கு சரோஜ் கான் அமைத்த ஆட்டம் நாட்டையே ஆட்டிவைத்த பிறகுதான் அந்தப் பிரிவு பிறந்தது. முதல் விருதும் அவருக்கே. பாடலும் ஆட்டமுமாக வாழ்ந்த ஒரு சினிமா, ஆட்டுவித்தவரைக் கண்டுகொள்ள 35 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

இந்த மறுப்புகளில் என்னை மிகவும் அசைப்பது நடிகர் பிராணுடையது. 1972இல் வெளியான 'பாகீஸா'வுக்கு இசை தந்த குலாம் முகமது, படம் முடிவதைப் பார்க்காமலே 1968இல் இறந்துபோனார். நௌஷாதின் உதவியாளராகப் பல காலம் நிழலில் உழைத்தவர். அந்தப் பாடல்களை இன்றும் வீடுதோறும் கேட்கிறார்கள். 1973 விழாவில் இசை விருது 'பே-இமான்' படத்துக்காக சங்கர்-ஜெய்கிஷனுக்குப் போனது. அதே 'பே-இமான்' படத்துக்காகத் துணை நடிகர் விருது பிராணுக்கு. குலாம் முகமதுவுக்குச் சேர வேண்டியது போய்விட்டதென்று சொல்லி, பிராண் தன் விருதை ஏற்கவில்லை. தன் படத்துக்குக் கிடைத்த வெற்றிக்கு எதிராகவே, பதிலுக்கு ஒன்றும் செய்ய முடியாத ஒரு இறந்த மனிதருக்காக நின்றார். இதற்கு இணையான ஒரு நேர்மையை அந்த விழாவின் வரலாற்றில் நான் வேறெங்கும் காணவில்லை.

மறுபக்கமும் உண்டு. 'பாபி'க்காகத் தான் பெற்ற சிறந்த நடிகர் விருதை 30,000 ரூபாய் கொடுத்து வாங்கியதாக ரிஷி கபூர் 2017இல் தன் சுயசரிதையில் வெட்கத்தோடு எழுதினார். அன்று பிராண் தள்ளிவிட்ட சிலையின் எடை என்ன என்பது அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது இன்னும் நன்றாகத் தெரிகிறது.

'மதுமதி' 9 விருது, 'கல்லி பாய்' 13 விருது என்று சாதனைக் கணக்குப் போடுகிறவர்கள், இடையில் பிரிவுகள் எத்தனை கூடின என்பதையும் பார்க்க வேண்டும். கூடியது மட்டுமில்லை, குறையவும் செய்தது. 1992இல் தொடங்கிய வில்லன் விருதும், மெஹ்மூதோடு தொடங்கிய நகைச்சுவை விருதும் 2007க்குப் பிறகு நின்றுபோயின. வில்லனும் காமெடியனும் தனி ஆட்களாக இல்லாமல் நாயகனுக்குள்ளேயே கரைந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் மக்கள் சிரிப்பதற்கு இனிப் பரிசு இல்லை என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இன்னொரு பிரிவு வந்ததே இல்லை: பின்னணிக் குரல். இந்தியில் ஸ்ரீதேவியின் தொடக்கப் படங்கள் பலவற்றில் ஒலித்தது வேறொருவர் குரல். பாக்யராஜ் இயக்கிய 'ஆக்ரி ராஸ்தா'வில் (1986) அவருக்காகப் பேசியவர் ரேகா. 'சாந்தினி'யில்தான் (1989) ஸ்ரீதேவியின் சொந்தக் குரலை இந்தி ரசிகர்கள் கேட்டார்கள். ரேகா நட்சத்திரம் என்பதால் இந்தச் செய்தியாவது நமக்குத் தெரிகிறது. குரல் கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தின் இருட்டில், திரையில் அசையும் உதடுகளைப் பார்த்து, இன்னொருத்தியின் அழுகையை மூச்சு பிசகாமல் அழுகிறார்கள். அந்த நடிப்புக்கான விருதை முகம் காட்டியவர் மட்டும் வாங்கிப்போகிறார். 70 விழாக்கள் கண்ட ஃபிலிம்ஃபேர் அடுத்துத் தொடங்க வேண்டிய பிரிவு இதுதான்.