ஒயரைப் பிடுங்கினால் போய்விடும் இசை: அகமதாபாத் நாடாக்களும் வடசென்னைக் காதுகளும்

1

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் காப்பகத்தில் ஐம்பது ஆண்டுகளாக யாரும் கேட்காமல் கிடந்த ஒலிநாடாக்களிலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு தொகுப்பு 2023இல் வெளிவந்தது. 1969 முதல் 1972 வரை அங்கே ஒரு மோக் மாடுலர் சிந்தசைசரில் உருவாக்கப்பட்ட ஒலிகள் அவை. லண்டனைச் சேர்ந்த இசைக்கலைஞர் பால் பர்கஸ் இவற்றைத் தேடியெடுத்து, 2020இல் பிபிசி வானொலிக்கு ஒரு நிகழ்ச்சி செய்து, பிறகு தொகுப்பாகவும் கொண்டுவந்தார். ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா, கீதா சாராபாய் என்று நமக்குப் பெரும்பாலும் அறிமுகமில்லாத பெயர்கள். இந்தியாவின் முதல் மின்னணு இசைக்கூடம் என்று இப்போது எல்லோரும் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் கொண்டாட்டத்தின் சத்தத்தில் ஒரு கேள்வி அமுங்கிப்போகிறது. மூன்றே ஆண்டில் இது ஏன் நின்றது? நின்றதைக்கூட விடுங்கள், நின்றுபோனது ஏன் ஒருத்தருக்கும் தெரியவில்லை?

இந்தக் கேள்வியை ராயபுரத்திலிருந்து கேட்பதில் ஒரு காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

2

முதலில் இயந்திரத்தைப் பற்றி. மாடுலர் சிந்தசைசர் என்றதும் பலர் கீபோர்டைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். கச்சேரிகளில் வரும் கீபோர்டில் பியானோ, புல்லாங்குழல், வயலின் எல்லாம் ஏற்கெனவே உள்ளே வைத்திருக்கும்; பட்டனை அழுத்தினால் வரும். மாடுலரில் அப்படி எதுவும் கிடையாது. அலையை உண்டாக்க ஒரு பெட்டி, அதில் வேண்டாததை வடிகட்ட ஒரு பெட்டி, சத்தத்தை ஏற்றி இறக்க ஒரு பெட்டி. தனித்தனிப் பெட்டிகள். ஒன்றின் வாயிலிருந்து இன்னொன்றின் காதுக்கு ஒயர் போட்டு இணைக்க வேண்டும், பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெண்கள் ஒயர் மாற்றிக் குத்திக்கொண்டிருந்தார்களே, அதுபோல. பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி மின்னழுத்தம். ஒரு வோல்ட் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி மேலே போகும். ராபர்ட் மோக் 1964இல் செய்து காட்டிய வழி இதுதான்.

இதில் இரண்டு விஷயங்கள் நம் விமர்சனத்துக்கு முக்கியம். ஒன்று, இந்த இயந்திரத்துக்கு ஸ்வரம் தெரியாது. பன்னிரண்டு கட்டைகளாகப் பிரித்து வைத்த மேற்கத்திய ஒழுங்கோ, ராகத்தின் ஆரோகண அவரோகணமோ அதற்குள் இல்லை. யார் ஒயர் போடுகிறாரோ அவரோடுதான் அவையும் வருகின்றன. இரண்டு, இதில் செய்ததைச் சேமித்து வைக்க முடியாது. ஒயரைப் பிடுங்கினால் அந்த ஒலி போய்விட்டது. நாடாவில் பதிந்திருந்தால் பதிவு இருக்கும். ஆனால் அந்த இணைப்பு இருக்காது. மறுபடியும் வேண்டுமானால் எந்தெந்த வாயில் எந்தெந்த ஒயர், குமிழ் எவ்வளவு திருப்பியது என்று ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னபடி செய்தாலும் அதே ஒலி வராது, கொஞ்சம் வேறாகத்தான் வரும். ஆகவே இது இயல்பிலேயே பகிர்ந்துகொள்ளும் ஆட்களைக் கோரும் இசை. சொல்ல ஆளில்லாத இடத்தில் அது செத்துவிடும். அகமதாபாத்தில் நடந்தது இதுதான் என்பது என் வாதம்.

3

நம் பக்கத்துத் தோழர்களுக்கு இதற்கு ஒரு தயார் பதில் உண்டு: 'அது மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு, நின்றால் நமக்கென்ன?' பதிலில் உண்மை இல்லாமல் இல்லை. கீதா சாராபாய், காலிகோ மில் அதிபர் அம்பாலால் சாராபாயின் மகள். 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜிடம் மேற்கத்திய இசை கற்று, அவருக்கு இந்திய இசை சொல்லிக் கொடுத்தவர். அவர் வழியாக ஏற்பட்ட தொடர்பில்தான் கேஜின் கூட்டாளி டேவிட் டியூடர் 1969இல் அகமதாபாத் வந்து மோக்கை நிறுவினார். வடிவமைப்பு நிறுவனமோ ஈம்ஸ் தம்பதியர் 1958இல் கொடுத்த அறிக்கையின் வழி, ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு 1961இல் பிறந்தது. பனிப்போர்க் காலத்து அமெரிக்கப் பண்பாட்டு முதலீடு, நேருவிய நவீனத்துவம், மில் பணம் மூன்றும் ஒரு அறைக்குள் ஒயர் போட்டு இணைக்கப்பட்டிருந்தன.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே 1969ஆம் ஆண்டு செப்டம்பரில் அதே அகமதாபாத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான பெருங்கலவரம் நடந்தது. செத்தவர்கள் 660 பேர் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. மில் தொழிலாளர் குடியிருப்புகள் எரிந்தன. இதே குடும்பத்து அனசூயா சாராபாய் 1918இல் காந்தியோடு நின்று நடத்திய வேலைநிறுத்தத்தில் பிறந்த தொழிலாளர் ஒற்றுமை அங்கே கிழிந்து தொங்கியது. தொகுப்பில் 'ஸ்பேஸ் லைனர் 2001' என்று ஒரு படைப்பு இருக்கிறது. விண்வெளிக்குக் காது கொடுத்த அந்த அறை, சபர்மதியின் அக்கரைக்குக் காது கொடுத்ததா? ஜன்னல் சாத்தியிருந்ததா? படைப்பாளியிடம் இந்தக் கேள்வியை வழக்குப் போடுவதுபோல் கேட்கக் கூடாது. கலவரத்தைப் பற்றி இசைத்திருக்க வேண்டும் என்று கட்டளையிடுவது வறட்டு விமர்சனம். ஆனால் எந்தக் கூடத்திலிருந்து வெளியே போக வழியில்லையோ, அதற்குள் வெளியிலிருந்து வரவும் வழியில்லை. அந்தக் கூடத்தின் கதவைத்தான் கேள்வி கேட்கிறேன்.

ஆக, 'மேட்டுக்குடி' என்று முத்திரை குத்துவதோடு நம் தோழர்கள் நிறுத்திக்கொள்வது பாதி விமர்சனம்தான். இயந்திரம் யாருடையது என்று கேட்கிறோம். இயந்திரத்தின் சாத்தியம் யாருக்கு மறுக்கப்பட்டது என்று கேட்பதில்லை.

4

ராயபுரத்துக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நண்பர் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து இந்தத் தொகுப்பிலிருந்து சிலவற்றைக் கேட்டோம். கவிதை எழுதுகிறவர்கள் இரண்டு பேர், சங்க வேலை செய்கிறவர்கள் மூன்று பேர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருத்தர், கானாக் கச்சேரிக்குக் கீபோர்டு வாசிக்கும் பையன் ஒருத்தன். முதல் பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை. மரியாதையான சங்கடம். கவிஞர்கள் இருவரும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்தான் உடைத்தார்: 'இன்னாபா இது, வின்ச்சு லோடு தாங்காம மொனகுற மாரி கீது.' சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. எந்தச் சத்தம் வந்தால் கயிறு அறப்போகிறது, எந்தச் சத்தம் வந்தால் மோட்டார் சூடாகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். அரை மணி நேரம் சொன்னார். பையன் கேட்டான்: 'அண்ணே, இதுல கட்ட எது? சுருதிய எங்க வெச்சு இழுக்குறான்?' அவனுக்குச் சுருதிச் சக்கரம் தெரியும். கீபோர்டின் இடப்பக்கத்தில் உள்ள சக்கரத்தை விரலால் நெம்பித்தான் கமகத்தையே வரவழைக்கிறான். அவனுக்குத் தெரியாதது அந்தச் சக்கரமும் மோக்கின் வழிவந்தது என்பது. 1970இல் வந்த மினிமோக்கிலேயே அது இருந்தது.

எங்கள் ஏழெட்டுப் பேரில் இந்த இசையை உண்மையில் கேட்டவர்கள் இந்த இரண்டு பேர். இலக்கியவாதிகளான நாங்கள் 'பரிசோதனை' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இது தற்செயல் இல்லை. இந்தப் பகுதியின் காது வேறு விதமாகப் பயிற்சி பெற்ற காது. மணலி சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது 1969இல், அதாவது மோக் அகமதாபாத்துக்கு வந்த அதே ஆண்டில். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017 வரை ஓடியது, 450 மெகாவாட். அங்கே வோல்டேஜ் இசையானது. இங்கே வோல்டேஜ் நகரத்துக்குப் போனது, சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் தங்கியது. சங்கு ஊதினால் ஷிஃப்ட், திருவொற்றியூரில் புல்லட் வண்டியை ஓட்டிப் பார்க்கும் சத்தம், கண்டெய்னர் லாரிகள் இரவு முழுக்க நிற்கும் எண்ணூர் நெடுஞ்சாலை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தபோது சனங்கள் மூக்கையும் காதையும் நம்பித்தான் வீட்டைவிட்டு ஓடினார்கள். இங்கே இயந்திரத்தின் சத்தத்தைப் பிரித்தறிவது ரசனை சம்பந்தப்பட்டதில்லை, உயிர் சம்பந்தப்பட்டது.

5

எண்ணூரைப் பற்றி இசை வரவில்லையா என்று கேட்கலாம். வந்தது. 2017இல் டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்', கபேர் வாசுகி எழுதியது. எண்ணூர்க் கழிமுகத்திலேயே படமாக்கப்பட்டது. சென்னைத் தமிழ் கர்நாடக ராகங்களில் ஏறியது சின்ன விஷயமில்லை. அந்தப் பாடல் செய்த வேலையை மதிக்கிறேன். ஆனால் அங்கே எண்ணூர் பாடுபொருளாக வந்தது, பாட்டின் ஒலியாக வரவில்லை. கௌரவம் ராகத்திடமிருந்து கழிமுகத்துக்குப் பாய்ந்தது. 2018 ஜனவரியில் பா. இரஞ்சித்தின் முயற்சியில், டென்மாவின் இசைப்பொறுப்பில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது திசை மாறியது: கானாவும் பறையும் கிதாரும் ஒன்றையொன்று கேட்டன. சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய கானாதான் அதற்கு முதுகெலும்பு.

கானாவை இங்கே குறிப்பாகச் சொல்கிறேன். கானாவில் மெட்டு யாருடைய சொத்தும் இல்லை. சினிமா மெட்டை எடுத்துச் செத்தவரின் பெயரை அதில் ஏற்றுகிறார்கள். நாளைக்கு வேறொருத்தர் வேறு பெயர் ஏற்றுவார். எழுதி வைப்பதில்லை, வாத்தியாரிடம் கேட்டு வாங்குகிறார்கள். வாங்கியதை மாற்றாமல் பாடினால் அவன் கானாக்காரனே இல்லை. சேமிக்க முடியாத இணைப்பை வாய்வழியே கைமாற்றுவது என்று மாடுலரைப் பற்றிச் சொன்னேனே, அது வேறென்ன? இயந்திரம் இல்லாமலேயே அந்த ஒழுங்கு இங்கே இருந்தது. அகமதாபாத்தில் இயந்திரம் இருந்தது, கைமாற்ற ஆளில்லை.

தமிழ்க் காதுக்குள் மின்னணு ஒலி வந்த மற்ற வழிகளையும் பார்க்கலாம். பெங்களூரின் ராடெல் 1979இல் கொண்டுவந்த மின்னணுத் தம்புராவை சபாக்கள் ஏற்றுக்கொண்டன, அது தன்னை இயந்திரம் என்று காட்டிக்கொள்ளாததால். 'புன்னகை மன்ன'னில் (1986) இளையராஜா கணினியைக் கையாண்டார்; 'ரோஜா'வுக்குப் (1992) பிறகு ரஹ்மான் ஒலியின் அமைப்பையே மாற்றினார். ஆனால் சினிமாவில் ஒலி எப்போதும் மெட்டுக்குக் கீழே வேலை செய்யும் கூலி. இயந்திரம் இயந்திரமாகவே பேச இடம் கொடுத்தது அந்த அகமதாபாத் அறை ஒன்றுதான். அதனால்தான் அதை முதலாளி வீட்டுச் சரக்கு என்று தூக்கிப்போட மனம் வரவில்லை.

6

நண்பர்கள் கேட்பார்கள்: மாடுலர் விலை என்ன தெரியுமா? தெரியும். வெளிநாட்டிலிருந்து ஒவ்வொரு பெட்டியாக வாங்கி, சுங்கம் கட்டி, அது நமக்கு ஆகாது. ஆனால் 2017இல் வி.சி.வி. ராக் என்ற மென்பொருள் வந்தது: அதே பெட்டிகள், அதே ஒயர்கள், கணினித் திரையில், இலவசமாக. மாடி அமர்வுக்குப் பிறகு அந்தப் பையன் பழைய கணினி ஒன்றில் அதைப் போட்டுக்கொண்டான். மூன்று வாரம் கழித்துப் பெரியவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் சொன்ன வின்ச் முனகலை ஒயர் போட்டு வரவழைக்கப் பார்த்தான். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. 'இது சும்மா மொனகுது. லோடு ஏறல' என்றார். பையன் ஃபில்டரைத் திருப்பினான். 'ம்ஹூம்.' ஏதோ ஒரு இடத்தில் பெரியவர் கையைத் தூக்கினார், கிரேனுக்குக் கீழே நிற்கிறவன் நிறுத்தச் சொல்லிக் கை தூக்குவதுபோல.

அந்த 'லோடு ஏறல' என்பதைத்தான் நான் விமர்சனம் என்று கருதுகிறேன். ஆதரவான வட்டம் என்றால் எதைக் கொடுத்தாலும் 'அருமை தோழர்' என்று முதுகு தட்டுவது என்று நம் சிறுபத்திரிகைச் சூழலில் ஆகிவிட்டது. முந்நூறு பிரதி அடித்து, முந்நூறு பேரும் ஒருவரையொருவர் புகழ்ந்து, அல்லது ஒருவரையொருவர் வெட்டி, கடைசியில் இதழ் நிற்கிறது. அதுவும் நின்றது யாருக்கும் தெரியாது. அகமதாபாத்தைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. காப்பகத்தில் தூங்கும் நாடாக்கள் நம்மிடமும் இருக்கின்றன, கட்டுக்கட்டாக. ஆதரவு என்பது அடுத்தவர் போட்ட ஒயரைக் கவனித்துப் பார்த்து, எந்த இடத்தில் லோடு ஏறவில்லை என்று சொல்வது. சொல்லிவிட்டு எழுந்து போகாமல் அடுத்த திருப்பலுக்கும் உட்கார்ந்திருப்பது.

பையன் அந்த இணைப்பை ஒரு நோட்டில் வரைந்து வைத்திருக்கிறான். என்னிடம் காட்டினான். பாதி புரிந்தது. அடுத்த ஞாயிறு திருவொற்றியூரில் வேறு சிலர் வருகிறார்கள். மில்லில் வேலை பார்த்த ஒருத்தரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தறிச் சத்தம் வேண்டுமாம் அவருக்கு.